கோழிக்குக் கண் பட்டதா, வயது போனதா?

"மௌலவி, கொஞ்சம் தண்ணி ஓதித் தாங்க. எங்கட கோழிக்குக் கண் பட்டுட்டு."

பெண்கள் வகுப்பு முடிந்ததும் ஒரு சகோதரி போத்தலை நீட்டினார். அநேகமாக நாள் தவறாமல் முட்டையிட்ட பண்ணைக் கோழி, இப்போது வாரத்துக்கு இரண்டு இட்டாலே பெரிய காரியமாம். அடுத்த வீட்டுப் பெண்மணி ஒருநாள் வேலிக்கு மேலால் பார்த்து, "என்ன மாதிரி முட்டையிடுது!" என்றாராம். அதன் பிறகுதான் குறைந்ததாம். இரு வீட்டாரும் பேசி மூன்று மாதமாகிறது.

கண்ணேறு என்பது ஸஹீஹான ஹதீஸ்களில் வந்த விடயம். அதை நான் மறுக்கவில்லை. ஓதுவதற்கு முன், கோழிக்கு என்ன வயது என்று மட்டும் கேட்டேன்.

"மூத்த மகள் ஓ.எல். எழுதின வருஷம் வாங்கின."

மகள் ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறார்! அந்தக் கோழிக்கு மூன்று வயது தாண்டிவிட்டது.

சகோதரிகளே, கோழியின் உடலில் அல்லாஹ் வைத்திருக்கும் ஏற்பாட்டைச் சற்றுப் பாருங்கள். பெரும்பாலான பறவைகளைப் போல அதற்கும் இடப்பக்கச் சூலகம் மட்டுமே வளர்ந்து வேலை செய்கிறது. திராட்சைக் குலை போன்ற அதில் ஆயிரக்கணக்கான நுண்ணிய கருக்கள், குஞ்சு பொரிக்கும்போதே இருக்கின்றன. கோழி தன் ஆயுளில் இடும் முட்டைகளை விட அவை மிக அதிகம். ஆகவே "முட்டை தீர்ந்துபோச்சு" என்று நாம் சொல்வது சரியல்ல. கரு தீர்வதில்லை, அது முதிரும் வேகம்தான் குறைகிறது.

மஞ்சட்கரு முதிர்ந்து விழுந்த பின் முழு முட்டையாக வெளிவர ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதலாகச் செல்லும். அதில் ஏறக்குறைய இருபது மணித்தியாலம் கோது கட்டுவதற்கே போகிறது. சுப்ஹானல்லாஹ்! ஐந்து, ஆறு மாதத்தில் முட்டையிடத் தொடங்கும் இளங்கோழி, பல நாட்கள் தொடர்ந்து இட்டு ஒருநாள் ஓய்வெடுக்கும். வயது ஏற ஏற அந்தத் தொடர் சுருங்கி, ஓய்வு நாட்கள் பெருகும். முதல் வருஷம் 200 முட்டையிட்ட கோழி, அடுத்த வருஷம் 160 அளவில் இட்டால் அது இயல்பே. பிறகும் வருஷத்துக்கு வருஷம் இறங்கும்.

இன்னோர் அடையாளமும் உண்டு. கிழக்கோழியின் முட்டை பெரிது, கோது மெல்லியது. ஒரு கோதுக்கு இரண்டு கிராம் அளவு கல்சியம் வேண்டும். வயதான உடல் அதை முன்போல உறிஞ்சாது. கடற்சிப்பியை நொறுக்கி வைத்தால் கோது ஓரளவு தேறும். எண்ணிக்கை கூடாது.

இறகு உதிர்க்கும் காலத்திலும் முட்டை சில வாரங்கள் நிற்கும். அது வேறு, திரும்ப இடும். அதைப் பார்த்து அவசரப்பட்டு அறுத்துவிடாதீர்கள். அதேபோல, பண்ணைகளில் கழித்து மலிவாக விற்கும் கோழி பெரும்பாலும் ஒன்றரை வயதைத் தொட்டது. அதை வாங்கிக்கொண்டு நாளுக்கொரு முட்டை எதிர்பார்ப்பது நம் தவறு.

அப்படியானால் கிழக்கோழியை என்ன செய்வது? நமது ஷாபிஈ மத்ஹபின் சட்டம் தெளிவானது. வைத்திருந்தால் தீன் போட வேண்டும். முடியாவிட்டால் விற்கலாம், அல்லது அறுத்து உண்ணலாம். முட்டையில்லை என்று பட்டினி போட மட்டும் அனுமதியில்லை. பூனையைக் கட்டிவைத்துச் சாகவிட்ட பெண்ணின் ஹதீஸை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அறுப்பதாயின், அசுத்தம் கிளறித் தின்னும் கோழியை மூன்று நாள் அடைத்துச் சுத்தமான தீன் கொடுத்து அறுப்பது நல்லது. இறைச்சி இலகுவில் வேகாது, ஆனால் ஆணத்தின் ருசியே தனி.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனத்தை எடுத்து அர்த்தத்தோடு ஓதிக் காட்டினேன். தப்பெண்ணத்தையும் புறம் பேசுவதையும் அல்லாஹ் விலக்கும் வசனம் அது. அந்தச் சகோதரி ஒன்றும் பேசவில்லை. வெறும் போத்தலோடு போனார்.

அடுத்த மாதம் வகுப்புக்கு இருவரும் ஒரே முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார்கள். கோழி இன்னும் கூட்டில்தான் இருக்கிறதாம். வாரத்துக்கு இரண்டு முட்டை.