முட்டைக் கோழிகளில் முட்டைக்குழாய் அழற்சி

நெல்லியடிப் பகுதியில் மீளக்குடியேறி, நான்கைந்து பேடுகளுடன் கோழி வளர்ப்பைத் தொடங்கும் குடும்பத்துக்கு ஒரு பேட்டை இழப்பதும் பெரிய இழப்பே.

நன்றாக முட்டையிட்ட பேடு திடீரென முட்டையிடாது நின்று, வயிறு வீங்கி, நிமிர்ந்து கால்களை அகற்றி நடந்தால் முட்டைக்குழாயில் கிருமி தொற்றியிருக்கலாம். பெரும்பாலும் ஈ-கோலி பற்றீரியாவே காரணம். எச்சத்தில் உள்ள இக்கிருமி எச்சவாய் வழியாக மேலேறும்; குழாயினுள் அவித்த மஞ்சட்கரு போன்ற கட்டி உண்டாகும். கட்டி இறுகிய பின் மருந்து பலன் தருவது அரிது. ஆகவே வருமுன் காப்பதே வழி.

• உமி அல்லது மரத்தூள் படுக்கையை உலர்வாக வைத்திருங்கள். மாரியில் நனைந்தால் உடனே மாற்றுங்கள்.
• ஐந்து பேடுகளுக்கு ஒரு முட்டையிடும் பெட்டியாவது வையுங்கள்.
• குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மலசலகூடக் குழியின் கழிவு கிணற்றுக்குள் எளிதில் கசியும். இறைத்துக் குளோரின் இட்ட கிணற்று நீரையே கோழிக்கும் கொடுங்கள்.
• எச்சவாயில் கொத்துப்பட்ட பேட்டைத் தனியாக விடுங்கள்.

நோயுற்ற பேட்டைப் பிரித்து, அரச கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். வீட்டில் மிஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம். மருந்து முட்டையிலும் சேரும். வைத்தியர் மருந்து தந்தால், அவர் சொல்லும் நாள்வரை அந்த முட்டைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவோ விற்கவோ வேண்டாம்.