பாலிக் கொடிகள்: எது அலங்காரம், எது வழிபாடு?

திறந்தவெளித் திருமணம் என்றாலே பலரும் இன்று பாலித் தீவின் கொடிகளைக் கேட்கிறார்கள். புல்வெளியின் இருபுறமும் உயர்ந்து நின்று, நுனி வளைந்து, காற்றில் அசையும் கொடிகள் பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் பாலி மக்கள் அவற்றை எதற்காக நடுகிறார்கள் என்று தெரிந்து வாங்குகிறவர்கள் எத்தனை பேர்?

முதலில் பெயர்களைப் பிரித்து அறிவோம். நீண்ட துணிக்கொடிக்கு 'உம்புல் உம்புல்' என்று பெயர். அடியில் அகலமாகவும், மேலே போகப் போகக் குறுகலாகவும் இருக்கும். ஒரு விளிம்பை மூங்கில் கழியோடு சேர்த்துக் கட்டுவார்கள். மூங்கிலின் மெல்லிய நுனி வளைவதால் வருவதே அந்த ஒய்யாரம். கோயில் திருவிழாக்களில் வாசலை ஒட்டி இவற்றை நடுவார்கள். சிலவற்றில் பொன்வண்ணத்தில் நாகம் தீட்டியிருக்கும்.

'பென்ஜோர்' என்பது வேறு. இது துணிக்கொடி அல்ல, முழு மூங்கில். பாலி இந்துக்களின் கலுங்கான் திருநாள் 210 நாட்களுக்கு ஒரு முறை வருகிறது. அதற்கு முதல் நாள் வீட்டு வாசல்தோறும் பென்ஜோர் எழும். தென்னங்குருத்தோலை, நெற்கதிர், தேங்காய், கிழங்கு, பலகாரம் எல்லாம் அதில் தொங்கும். அடிப்பகுதியில் சிறு மாடம் அமைத்துப் படையல் வைப்பார்கள். வளைந்த அந்த மூங்கில் ஆகுங் மலையையும் வாசுகி நாகத்தையும் குறிக்கிறது. பாற்கடல் கடைந்த கதையில் நாம் அறிந்த அதே வாசுகிதான். நீரும் விளைச்சலும் தந்த இறைவனுக்கு ஒவ்வொரு குடும்பமும் செலுத்தும் நன்றி அது.

அப்படியானால் இவற்றை நாம் பயன்படுத்தவே கூடாதா? அப்படி இல்லை. வரவேற்பு அலங்காரத்துக்கான மூங்கிலைப் பாலியிலேயே தனியாகச் செய்கிறார்கள். அதற்குப் 'பெபென்ஜோரான்' என்று பெயர். அதில் மாடமும் இல்லை, படையலும் இல்லை. நாமும் அந்த எல்லையில் நின்றுகொள்ளலாம். துணிக்கொடியும் குருத்தோலை வேலைப்பாடும் போதும், மாடத்தை விட்டுவிடுவோம். அனுமன் போன்ற உருவங்கள் தீட்டிய சிறு கொடிகள் கோயிலுக்கு உரியவை. அவற்றை உணவுப் பந்தலில் கட்ட வேண்டாம். நம் பூரண கும்பத்தை யாராவது சாப்பாட்டு மேசையில் அழகுக்கு வைத்தால் நம் மனம் என்ன பாடுபடும்?

நிறங்களுக்கும் பொருள் உண்டு. பாலி மரபில் கிழக்குக்கு வெள்ளை, தெற்குக்குச் சிவப்பு, மேற்குக்கு மஞ்சள், வடக்குக்குக் கறுப்பு. ஈஸ்வரன், பிரம்மா, மகாதேவன், விஷ்ணு என்று திசைக்கொரு தெய்வம் அங்கே இருக்கிறது. திருமணத்தில் கறுப்பு கூடாது என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். அவர்கள் மனம் கோணாமல் இருக்க வெள்ளையும் மஞ்சளும் போதும். பாலிக் கோயில்களில் அதிகம் காண்பதும் இந்த இரண்டு நிறங்களைத்தான். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட 'போலெங்' துணியை அங்கே காவல் சிலைகளுக்கும் புனித மரங்களுக்கும் சுற்றுவார்கள். அதை நாற்காலி உறையாக்குவது பொருத்தமில்லை.

இனி வேலை முறை. வீட்டுத் தோட்டத்துக்கு 2 அல்லது 3 மீட்டர் உயரம் போதும். பெரிய திடலுக்கு 5 மீட்டர் எடுக்கலாம். மூங்கிலை நேராக மண்ணில் நட்டால் அடி உளுத்துவிடும். இரும்புக் குழாய் ஒன்றை அரை மீட்டராவது மண்ணில் இறக்கி, அதற்குள் கழியைச் செருகுங்கள். மின்கம்பி அருகிலும் தீப்பந்தம் அருகிலும் நடவே கூடாது. நம் பக்கத்து மழையில் மலிவான பருத்தித் துணி சாயம் விடும். மணப்பெண்ணின் சேலையில் பட்டால் போகாது. பாலியெஸ்டர் துணி சீக்கிரம் காயும். மழைக்காற்று எழுந்தால் கொடிகளை உடனே இறக்க ஒருவரை நியமித்துவிடுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது கோயிலுக்குத் தைத்ததா, அலங்காரத்துக்குத் தைத்ததா?" பதில் தெரிந்த கடையில் வாங்குங்கள். திருமணத்துக்கு வரும் விருந்தினர் கொடியைப் பற்றிக் கேட்டால், நீங்களும் பதில் சொல்லலாம்.