அரிசிம்பருப்புச் சாதம்

அரிசிம்பருப்புச் சாதம் என்பது கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு உள்ளிட்ட கொங்கு நாட்டில் அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாக வேகவைத்துச் செய்யப்படும் உணவாகும். "அரிசியும் பருப்பும்" என்பதே பேச்சில் இவ்வாறு சுருங்கியது. வெளியூரார் பலர் இதைச் சாம்பார் சாதம் என்கின்றனர்; அது தவறு. இதில் புளியும் இல்லை, சாம்பார்ப் பொடியும் இல்லை. பாசிப்பருப்பில் செய்யும் வெண்பொங்கலும் வேறு.

பின்னணி

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால் கொங்கு நாட்டில் புன்செய் நிலமே மிகுதி. கம்பு, சோளம், ராகி ஆகியவையே முன்பு அன்றாட உணவு. நெல்லுச்சோறு நோம்பிக்கும் விருந்தாளிக்கும் உரியது. இன்றோ, வீட்டில் காய்கறி இல்லாதபோது திடீரென உறவினர் வந்தால் முதலில் நினைவுக்கு வருவது இந்தச் சாதம்தான்.

செய்முறை (4 பேருக்கு)

அரிசி 2 டம்ளர், துவரம்பருப்பு அரை டம்ளர் எடுத்துக் கழுவி 30 நிமிடம் ஊறவைக்கவும். குக்கரில் கடலை எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், தட்டிய மிளகு, 4 வரமிளகாய், கறிவேப்பிலை தாளிக்கவும். உரித்த சின்ன வெங்காயம் 15, பூண்டு 8 பல், தக்காளி 1 சேர்த்து வதக்கவும். பெரிய வெங்காயம் போட்டால் அந்த மணம் வராது. மஞ்சள்தூள், உப்பு, அரிசி, பருப்பு சேர்த்து, அரிசி பருப்பு இரண்டின் மொத்த அளவுக்கு 3 மடங்கு தண்ணீர் ஊற்றி 3 விசில் விடவும்.

பருப்பு வேகாமல் போவது ஏன்?

பலரும் கேட்கும் கேள்வி இது. உப்புத்தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல்சுவரிலுள்ள பெக்டினோடு பிணைந்து அதை இறுக்கிவிடுகின்றன. தக்காளியின் புளிப்பும் வேகும் நேரத்தை நீட்டும். நாள்பட்ட பருப்பானால் தொல்லை இன்னும் கூடும். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் 5 விசில் விட்டும் பருப்பு முழித்துக்கொண்டிருந்தது. குடிதண்ணீருக்கு மாறியதும் 3 விசிலில் மசிந்தது. சிறு குழந்தைகளும் பல் போன பெரியவர்களும் ஒரே சட்டியிலிருந்து உண்ண வேண்டும் என்பதால் பருப்பு குழைவது முக்கியம்.

சத்து

அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு. பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேர்கையில் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது.

பரிமாறுதல்

சூடாக இருக்கும்போதே நெய் விட்டு, அப்பளம், ஊறுகாய், கெட்டித் தயிருடன் பரிமாறுவர். ஆறினால் இறுகிவிடும், அப்போது வெந்நீர் தெளித்துக் கிளறிச் சூடாக்கவும்.