தோடர் பேச்சில் நான்கு ஸகரம்

நீலகிரித் தோடர்களின் மொழியில் ‘போஸ்’ என்றால் பால். ‘போஷ்’ என்றால் மொழி. இந்த வேறுபாடு நம் காதுக்கு எட்டிவிடும். ஆனால் காசைக் குறிக்கும் ‘கோஸ்’ என்ற சொல்லில் வரும் ஸகரம், பாலில் வருவதல்ல. ‘போஷ்’ போலவே நமக்குக் கேட்கும் மற்றொரு சொல் ஒரு குலத்தின் பெயர். ஆக, சீறொலிகள் நான்கு.

எல்லாம் நாக்கின் வேலைதான். காசைச் சொல்லும்போது நாக்கின் தட்டையான முன்பகுதி மேற்பல்லின் பின்னுள்ள மேட்டை நெருங்குகிறது. பாலுக்கு நுனி நிமிர்ந்து சற்றே பின்னால் போகிறது. மொழிக்கு முன்நாக்கு அண்ணத்தை நோக்கி உயர்கிறது. குலப்பெயருக்கோ, நாம் டகரம் சொல்வதுபோல நுனி பின்னோக்கி வளைந்து, நாக்கின் அடிப்பக்கமே அண்ணத்தை நெருங்குகிறது. இதைக் கண்ணாலும் பார்க்கலாம்: கரித்தூளை எண்ணெயில் குழைத்து நாக்கில் பூசி ஒரு சொல்லைச் சொல்லவைத்தால், நாக்கு தொட்ட இடம் அண்ணத்தில் கறுப்பாகப் பதியும், கண்ணாடி வைத்துப் படமெடுப்பார்கள்.

நம் ‘பால்’தான் அங்கே ‘போஸ்’. ஆகாரம் ஓகாரமாகி, இறுதி லகரம் சீறொலியாகிவிட்டது. ரகரத்திலும் இதே செழுமை. ர, ற வேறுபாட்டை நம்மில் பலர் பேச்சில் இழந்துவிட்டோம். தோடர்களிடம் மூன்று ரகரங்கள், ஒவ்வொன்றுக்கும் யகரச் சாயலுள்ள இணை வேறு, மொத்தம் ஆறு. 1930களில் மொழியியலாளர் எமனோ பதிவுசெய்த இம்மொழியை, 1990களில் ஒலியியலாளர்கள் பெரி பாஸ்கரராவும் பீட்டர் லேடிஃபோகெட்டும் கருவிகளோடு ஆராய்ந்தார்கள்.

ஒலிகளை ஆராயும் நிறுவனம் ஒன்று அருகிலேயே உண்டு: உதகையிலிருந்து வடக்கே மலையிறங்கினால் மைசூரு. அங்கே 1969இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், சிறுமொழிகள் உட்படப் பல மொழிகளின் ஒலிகளுக்கென்றே ஒரு நூல்வரிசை வெளியிட்டது. 1975இல் பால்டி மொழிக்கு கே. ரங்கனும், லடாக்கின் புரோக்ஸ்கத்துக்கு என். ராமசாமியும் எழுதினார்கள். ‘போஸ்’, ‘போஷ்’ போல ஓரொலி மாறினால் பொருள் மாறும் சொற்களை அடுத்தடுத்து வைத்துக் காட்டுவதே ஒலியியலாரின் அடிப்படை வழி. எனக்கு இலக்கண நூல்களைவிட இத்தகைய மெலிந்த புத்தகங்கள் மேல் மதிப்பு அதிகம். வாயைத் திறந்து சொல்லிப் பார்க்கவைப்பவை அவை.

பத்தாயிரம் பேருக்கும் குறைவானோர் பேசும் மொழிகளுக்காக அதே நிறுவனத்தின் வழியாக இந்திய அரசு 2013இல் ஒரு பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. தோடர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர்தான். அவர்கள் மொழிக்குத் தனி எழுத்தும் இல்லை. தோடர் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தில் பாடநூல் எழுத முனைவோர், ஸ, ஷ என்று இரண்டோடு நிறுத்திவிடாமல், நான்குக்கும் தனித்தனிக் குறி வகுத்தே ஆகவேண்டும்.