நவூரு: முதல் அறுபது ஆண்டுகள் யார் கணக்கில்?

நவூருவைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. பசிபிக் பெருங்கடலின் நடுவே ஒரு சின்னஞ்சிறு தீவு. மண்ணெல்லாம் பாஸ்பேட். அதை விற்று அங்குள்ளவர்கள் பெரும்பணக்காரர்கள் ஆனார்கள். வந்த பணத்தை ஊதாரித்தனமாகச் செலவழித்து ஓட்டாண்டி ஆனார்கள். பொருளாதார வகுப்புகளில் எச்சரிக்கைப் பாடமாக இது சொல்லப்படுகிறது. கதையில் பொய் இல்லை. ஆனால் அது பாதியிலிருந்து தொடங்குகிறது. அந்தத் தீவைத் தோண்டத் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்குப் பிறகுதான் சுரங்கம் நவூரு மக்களின் கைக்கு வந்தது. அந்த அறுபது ஆண்டுகளை விட்டுவிட்டு அவர்களை எடைபோடுவது நியாயமாகாது.

முதலில் இடத்தைப் பார்ப்போம். நவூருவின் மொத்தப் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். உலகின் மிகச் சிறிய குடியரசு அதுதான். நிலநடுக்கோட்டுக்குச் சற்றே தெற்கே இருக்கிறது. பக்கத்துத் தீவு என்று சொல்லக்கூடிய பனாபாவே, கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்தது, சுமார் 300 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. கரையோரமாகத் தீவை வளைத்துச் செல்லும் சாலையின் நீளம் 19 கிலோமீட்டர்தான். அதிகாரபூர்வத் தலைநகர் கிடையாது. நாடாளுமன்றமும் அரசு அலுவலகங்களும் விமான நிலையமும் தெற்கே யாரென் என்ற மாவட்டத்தில் இருக்கின்றன.

மாலத்தீவைப் போலக் கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் தாழ்ந்த தீவு அல்ல நவூரு. கடலுக்கடியிலிருந்து மேலெழும்பிய பவளப்பாறை அது. கரையோரத்தில் சில நூறு மீட்டர் அகலத்துக்கு ஒரு சமதளப் பட்டை. தென்னையும் தாழையும் வளர்வது, வீடுகள் இருப்பது எல்லாம் பெரும்பாலும் இங்கேதான். அதைத் தாண்டினால் நிலம் செங்குத்தாக உயர்ந்து ஒரு மேட்டுநிலமாகிறது. ‘டாப்சைடு’ என்பார்கள். தீவின் ஐந்தில் நான்கு பங்கு இந்த மேடுதான். ஆறு கிடையாது. உள்நாட்டில் நீர் தேங்கி நிற்கும் ஒரே குறிப்பிடத்தக்க இடம் புவாடா ஏரி. அதைச் சுற்றி மட்டும் வளமான மண் கொஞ்சம் இருக்கிறது. பெய்யும் மழை துளைகள் நிறைந்த பாறைக்குள் இறங்கிவிடுவதால் குடிநீருக்குக் கூரைநீர்த் தொட்டிகளையும் கடல்நீர் சுத்திகரிப்பையும் நம்பித்தான் வாழ்கிறார்கள். இயற்கைத் துறைமுகமும் இல்லை. பவளத்திட்டைத் தாண்டியதும் கடல் சட்டென்று ஆழமாகிவிடும். பாஸ்பேட் ஏற்ற வந்த கப்பல்கள் கரைக்கு வெளியே மிதவைகளில் கட்டப்பட்டு நின்றன.

டாப்சைடில்தான் பாஸ்பேட் இருந்தது. சுண்ணாம்புப் பாறைத் தூண்களுக்கு இடையிலான குழிகளில் அது நிரம்பியிருந்தது. அதை அள்ளி எடுத்த பிறகு மிஞ்சியது தூண்கள் மட்டும். பல மீட்டர் உயரத்துக்குக் கூர்கூராக நிற்கும் சாம்பல் நிறப் பாறைகள், நடுவே பள்ளங்கள். அங்கே பயிரிட முடியாது, வீடு கட்ட முடியாது, பல இடங்களில் நடக்கக்கூட முடியாது.

அங்கு வாழ்வோர் சுமார் 12,000 பேர். பெரும்பாலோர் மைக்ரோனேசிய இனத்தவர். நவூரு மொழியும் ஆங்கிலமும் பேசுகிறார்கள், கிறிஸ்தவர்கள். மரபாகப் பன்னிரண்டு குலங்கள். குலம் தாய்வழியே வருவது. நீலக் கொடியின் நடுவே ஓடும் மஞ்சள் கோடு நிலநடுக்கோடு. அதன் கீழே இருக்கும் வெள்ளை நட்சத்திரத்தின் பன்னிரண்டு முனைகள் இந்தக் குலங்கள். நிலம் அரசுடையது அல்ல, குடும்பங்களுடையது. சின்னச் சின்னத் துண்டுகளாகப் பலர் பெயரில் பிரிந்து கிடக்கிறது. சுரங்கமானாலும் சாலையானாலும் அரசு நிலக்காரர்களிடம் குத்தகை பேசித்தான் ஆக வேண்டும். பாஸ்பேட் பணம் அரசுக்கு மட்டுமின்றி வீடுகளுக்கும் நேரடியாகப் போனதற்குக் காரணம் இதுதான்.

1888ல் ஜெர்மனி தீவைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில், வெளியிலிருந்து வந்த துப்பாக்கிகளால் மூண்ட குலச்சண்டையில் மக்கள்தொகை ஏறத்தாழ 900 ஆகச் சுருங்கியிருந்தது. 1899ல் ஆல்பர்ட் எல்லிஸ் என்பவர், சிட்னியில் தன் நிறுவனத்தின் அலுவலகத்தில் கதவுக்கு முட்டுக்கொடுக்க வைத்திருந்த ஒரு கல்லைச் சோதித்துப் பார்த்தார். நவூருவிலிருந்து வந்த கல் அது. உயர்தர பாஸ்பேட் என்று தெரிந்தது. 1907ல் ஏற்றுமதி தொடங்கியது. நிலக்காரருக்குக் கிடைத்தது டன்னுக்கு அரை பென்னி.

முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியா தீவைக் கைப்பற்றியது. பிறகு சர்வதேச சங்கத்தின் ஆணைப்படி பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்றின் பொறுப்பில் நவூரு வந்தது. மக்களின் நலனைக் காப்பதற்காகத்தான் அந்தப் பொறுப்பு தரப்பட்டது. ஆனால் மூன்று நாடுகளும் 1919லேயே தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. ‘பிரிட்டிஷ் பாஸ்பேட் ஆணையர்கள்’ என்ற அமைப்பு பாஸ்பேட்டைத் தோண்டும். அது உலகச் சந்தை விலைக்கு அல்லாமல் மலிவாக அந்த மூன்று நாடுகளின் உழவர்களுக்குப் போகும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் செழித்ததில் நவூருவின் மண்ணுக்குப் பெரும்பங்கு உண்டு. பாதுகாவலராக நியமிக்கப்பட்டவர்களே வாங்குபவர்களாகவும் விலை வைப்பவர்களாகவும் இருந்தார்கள். இந்தக் கதையின் மையம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

நவூரு மக்களுக்கு அந்தக் காலத்தில் இருந்த பெருங்கவலையோ தாங்கள் பிழைத்திருப்போமா என்பது. 1920ல் வந்த இன்ஃப்ளூயன்சா பலரைக் கொண்டுபோனது. ஓர் இனம் நிலைத்திருக்க 1,500 பேராவது வேண்டும் என்று கணக்கிட்டார்கள். 1932 அக்டோபர் 26 அன்று 1,500வது குழந்தை பிறந்தது. அந்த நாள் ‘அங்காம்’ திருநாளாக இன்றும் கொண்டாடப்படுகிறது. பத்தாண்டுகள் கழித்து மறுபடியும் அடி விழுந்தது. 1942ல் தீவைப் பிடித்த ஜப்பானியப் படை, 39 தொழுநோயாளிகளைப் படகில் ஏற்றிக் கடலில் மூழ்கடித்தது. 1,200 பேரை 1,600 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டிரக் தீவுகளுக்குக் கட்டாய வேலைக்குக் கொண்டுபோனது. 1946 ஜனவரி 31ல் திரும்பி வந்தவர்கள் 737 பேர்.

விடுதலைக்கு முன்பு ஆஸ்திரேலியா ஒரு யோசனை சொன்னது. தோண்டத் தோண்டத் தீவு வாழத் தகுதியற்றதாகிவிடும். மொத்த மக்களையும் குயின்ஸ்லாந்து கரைக்கருகே கர்ட்டிஸ் தீவில் குடியேற்றிவிடலாம் என்பது அது. போனால் ஆஸ்திரேலியக் குடிமக்களாகத்தான் இருக்க முடியும், தனி நாடாக அல்ல. ஹாமர் டிரோபர்ட் தலைமையில் நவூரு மக்கள் மறுத்தார்கள். 1968ல் நவூரு தனி நாடானது. டிரோபர்ட் முதல் அதிபர். விடுதலைக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த தேதி ஜனவரி 31, டிரக்கிலிருந்து உயிரோடு மீண்டவர்கள் கரையேறிய நாள்.

தங்கள் மண்ணிலேயே இருந்த சுரங்கச் சொத்துகளுக்கு நவூரு 2.1 கோடி ஆஸ்திரேலிய டாலர் விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 1970ல் சுரங்கம் முழுக்கக் கைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் ஊரறிந்த அந்த இருபது, முப்பது ஆண்டுகள். வருமான வரி இல்லை. மருத்துவமும் கல்வியும் இலவசம். மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம், சொந்த விமான நிறுவனம், லண்டனில் சில வாரங்களே ஓடிய ஓர் இசை நாடகத்துக்கு முதலீடு. நம் நாட்டிலும் அவர்களின் பணம் வந்திருக்கிறது: ஒடிசாவின் பாரதீப் உர ஆலை 1981ல் இந்திய அரசும் நவூரு அரசும் கூட்டாகத் தொடங்கியது. எதிர்காலத்துக்காகச் சேர்த்த அறக்கட்டளை நிதி நூறு கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. தவறான முதலீடுகளாலும் கடன்களாலும் ஆலோசகர்களின் மோசடிகளாலும் கரைந்தது. 2004ல் கடன்காரர்கள் மெல்போர்ன் கட்டடத்தை எடுத்துக்கொண்டார்கள். 1990களில் தபால்பெட்டி முகவரியில் நூற்றுக்கணக்கான வங்கிகளைப் பதிவுசெய்ய அனுமதித்து, ரஷ்யக் கறுப்புப் பணத்துக்கு வழிவிட்டார்கள். இதற்கெல்லாம் நவூரு தலைவர்கள்தான் பொறுப்பு. அதை மழுப்பத் தேவையில்லை. கையில் பணம் வந்ததும் உணவுமுறை மாறி, இறக்குமதி அரிசியும் டின் இறைச்சியும் சர்க்கரையுமாக ஆனதில் நீரிழிவு ஊரையே பிடித்தது. உலகிலேயே உடல்பருமன் மிக அதிகமுள்ள நாடுகளில் ஒன்று நவூரு.

ஆனால் அதே தலைவர்கள் வேறொன்றும் செய்தார்கள். 1986ல் டிரோபர்ட் அரசு ஒரு விசாரணை ஆணையம் அமைத்தது. அதன் தலைவர் இலங்கையின் புகழ்பெற்ற சட்ட அறிஞர் சி.ஜி. வீரமந்திரி. விடுதலைக்கு முன்பு தோண்டப்பட்ட நிலத்தைச் சீர்செய்யும் கடமை ஆண்ட நாடுகளுடையது என்று ஆணையம் கண்டது. 1989ல் நவூரு, ஆஸ்திரேலியாவைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. வழக்கை விசாரிக்கவே கூடாது என்ற ஆஸ்திரேலியாவின் வாதத்தை 1992ல் நீதிமன்றம் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியா 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. பிரிட்டனும் நியூசிலாந்தும் ஆளுக்கு 1.2 கோடி தந்தன. இவ்வளவு சிறிய நாடு தன்னை ஆண்டவர்களைக் கூண்டில் ஏற்றிப் பணம் வாங்கியது அரிய நிகழ்வு. ஓட்டாண்டிக் கதையைச் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஆட்சிமுறைக்கு வருவோம். நாடாளுமன்றத்தில் 19 பேர், எட்டுத் தொகுதிகள், பதவிக்காலம் மூன்று ஆண்டு. சராசரியாக 600 பேருக்கு ஓர் உறுப்பினர். உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரை அதிபராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாட்டுத் தலைவரும் அரசுத் தலைவரும் அவரே. வாக்களிப்பது கட்டாயம், இருபது வயதில் வாக்குரிமை. வாக்குமுறை உலகில் வேறெங்கும் எளிதில் காண முடியாதது. சீட்டில் உள்ள எல்லா வேட்பாளர்களையும் வரிசைப்படுத்த வேண்டும். முதலிடம் தந்தவருக்கு 1 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு அரை, மூன்றாம் இடத்துக்கு மூன்றில் ஒன்று என்று கூட்டி, அதிகப் புள்ளி பெற்றவர்கள் வெல்வார்கள். 1971ல் இதை வகுத்தவர் அங்கே சட்டத்துறைச் செயலராக இருந்த டெஸ்மண்ட் டவ்டால்.

வலுவான கட்சிகள் கிடையாது. உறவும் குலமும் தனிப்பட்ட நம்பிக்கையும்தான் அணிகளைத் தீர்மானிக்கின்றன. ஒருவர் இருக்கை மாறினாலே ஆட்சி கவிழும். 2011 நவம்பரில் ஒரே வாரத்துக்குள் மூன்று அதிபர்கள் இருந்தார்கள். அவர்களில் முதலாமவரான மார்கஸ் ஸ்டீபன், காமன்வெல்த் விளையாட்டுகளில் பளுதூக்கிப் பல தங்கங்கள் வென்றவர். உறுப்பினர் எண்ணிக்கை 18 ஆக இருந்தபோது, 2010ல் இருமுறை தேர்தல் நடத்தியும் 9க்கு 9 என்று முட்டி நின்றது. அதன் பிறகே 2013ல் ஓர் இடத்தைக் கூட்டினார்கள். 2023 அக்டோபரில் டேவிட் அடியாங் அதிபரானார்.

பாஸ்பேட் பெரும்பாலும் தீர்ந்த நாட்டுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிடமிருந்து. 2001ல் டாம்பா என்ற நார்வே கப்பல் நடுக்கடலில் மீட்ட அகதிகளைத் தன் கரையில் இறக்க மறுத்த ஆஸ்திரேலியா, பணம் கொடுத்து நவூருவில் முகாம் திறந்தது. 2007ல் அங்கு அனுப்பப்பட்ட எண்பதுக்கும் மேற்பட்ட இலங்கையரில் பெரும்பாலோர் தமிழர்கள். 2008ல் மூடிய முகாமை 2012 செப்டம்பரில் மீண்டும் திறந்தபோது முதலில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்களும் தமிழ் ஆண்கள்தான். குழந்தைகள் உட்படப் பலர் ஆண்டுக்கணக்கில் அங்கே அடைபட்டுக் கிடந்தார்கள். 2016ல் வெளிவந்த முகாம் ஆவணங்களில் தாக்குதல், பாலியல் வன்முறை, தற்கொலை முயற்சி பற்றிய 2,000க்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன. அதே ஆண்டு ஓர் ஈரானிய இளைஞர் தீக்குளித்து இறந்தார். வெளிநாட்டுப் பத்திரிகையாளர் விசாவுக்கு நவூரு 8,000 டாலர் கட்டணம் வைத்திருந்தது. வறுமையில் இருந்த சிறிய நாட்டின் இடத்தை விலைக்கு வாங்கி, அங்கே தன் சட்டம் எட்டாதபடி மனிதர்களை வைத்தது ஆஸ்திரேலியா. பழியில் பெரும்பங்கு அதற்குத்தான்.

நவூருவிடம் விற்க மிச்சமிருப்பவை இறையாண்மை சார்ந்தவை மட்டுமே. தைவானா சீனாவா என்ற அங்கீகாரத்தை மூன்று முறை மாற்றியிருக்கிறது; கடைசியாக 2024 ஜனவரியில் சீனாவின் பக்கம். அதே ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம். ஆழ்கடலில் உலோக உருண்டைகளைத் தோண்ட விரும்பும் நிறுவனத்துக்கு ஆதரவு நாடாகவும் இருக்கிறது. பணம் தருவோருக்குக் குடியுரிமை தரும் திட்டமும் இருக்கிறது; 2025ல் தொடங்கியபோது குறைந்தபட்சத் தொகை 1,05,000 அமெரிக்க டாலர்.

அந்தக் குடியுரிமைப் பணம் எதற்கு என்பதைக் கவனிக்க வேண்டும். கடல் உயர்ந்தால் கரையோரப் பட்டையில் வாழும் மக்கள் போகக்கூடிய ஒரே இடம் டாப்சைடு. அதில் சீர்செய்யப்பட்டிருப்பது மிகச் சிறிய பகுதிதான். பாறைத் தூண்களை இடித்து, பள்ளங்களை நிரப்பி, மண் போட்டு, வீடு கட்டி, நீர் கொண்டுவர வேண்டும். அதற்குத்தான் அந்தப் பணம். 1993 உடன்பாட்டோடு வழக்கு முடிந்துவிட்டது என்று மூன்று நாடுகளும் சொல்லலாம். ஆனால் அன்று கணக்கிட்டது தோண்டிய நிலத்துக்கான இழப்பீட்டை. ஒரு மக்கள் கூட்டம் மொத்தமாக அந்த நிலத்துக்குக் குடிபெயரும் செலவை அல்ல. மலிவு விலையில் அந்த மண்ணை அள்ளிச் சென்ற ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் நியூசிலாந்தும்தான் அந்தச் செலவின் பெரும்பங்கை ஏற்க வேண்டும். கடவுச்சீட்டு விற்று நவூரு தனியே செய்து முடிக்க வேண்டிய வேலை அல்ல அது.