பனி உருண்டைக்கு என்ன விலை?



கலைக் கண்காட்சி என்றதும் வெள்ளைச் சுவரும், சட்டமிட்ட ஓவியமும், குளிரூட்டிய கூடமும்தான் நினைவுக்கு வருகின்றன. இவை எதுவும் இல்லாத ஒரு கண்காட்சியைப் பற்றி இந்த நினைவுச் சொற்பொழிவில் பேச விரும்புகிறோம்.

1983ஆம் ஆண்டின் குளிர்காலம். நியூயார்க் நகரத்துக் கூப்பர் சதுக்கத்தில், நடைபாதை வியாபாரிகளோடு வியாபாரியாக ஒரு கறுப்பினக் கலைஞர் விரிப்பைப் போட்டு நின்றார். விரிப்பின்மேல் பனி உருண்டைகள். சிறியது முதல் பெரியது வரை வரிசையாக அடுக்கியிருந்தார், அளவுக்கேற்ற விலை. அவர் பெயர் டேவிட் ஹேமன்ஸ். விற்ற சரக்கு உருகிப்போனது. தாவூத் பே என்ற கறுப்பினப் புகைப்படக் கலைஞர் எடுத்த படங்கள் இன்று நமக்குச் சாட்சி.

ஹேமன்ஸ் 1943இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். தொடக்கத்தில் தம் உடம்பில் கொழுப்பைத் தடவிக் காகிதத்தில் பதித்து, அதன்மேல் வண்ணப்பொடியைத் தூவிப் படங்கள் செய்தார். 1970இல் அப்படிச் செய்த ஒன்றில், ஒரு மனிதர் நாற்காலியில் கட்டப்பட்டு, வாய் அடைக்கப்பட்டிருக்கிறார். கருஞ்சிறுத்தைகள் இயக்கத் தலைவர் பாபி சீலுக்குச் சிகாகோ நீதிமன்றத்தில் நேர்ந்தது அதுதான். அந்த இயக்கத்தின் பெயரிலிருந்தே 1972இல் மும்பையில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள் என்பது நமக்குத் தெரியும்.

பிறகு அவர் எடுத்துக்கொண்ட பொருட்கள்: ஹார்லெமின் முடிதிருத்தும் கடைகளில் கூட்டிய தலைமுடி, மலிவு மதுப்புட்டிகள், கோழி எலும்புகள். வெட்டி விழுந்த முடியைத் தீட்டென்று ஒதுக்கி, அதைத் தொடுபவரையும் ஒதுக்கும் சமூகத்தில் வாழும் நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

2002இல் நியூயார்க்கின் ஏஸ் கலைக்கூடத்தில் இன்னொரு கண்காட்சி. பெரிய பெரிய அறைகள், எல்லாம் கும்மிருட்டு. சுவரில் ஒன்றுமில்லை. வாசலில் ஆளுக்கொரு சின்ன நீல விளக்கைக் கொடுத்தார்கள். பார்க்க வந்தவர்கள் ஏந்திய வெளிச்சமே காட்சியாயிற்று. கறுப்புக் கலைஞரின் வேதனையை வேடிக்கை பார்க்க வந்தவர், தம்மையே பார்த்துவிட்டுத் திரும்பினார்.

ஹேமன்ஸ் பேட்டிகளைப் பெரும்பாலும் தவிர்ப்பவர். இதை விசித்திர குணம் என்று கடந்துவிட முடியாது. ஒடுக்கப்பட்டவர்கள் மேடையேறினால் வலியை மட்டும் சொல்லச் சொல்கிறார்கள். நம் எழுத்தாளர்களிடம் தன்வரலாற்றைக் கேட்பவர்கள், அவர்களிடம் அழகியலையோ கோட்பாட்டையோ கேட்பதில்லை. அந்தக் கோரிக்கைக்கு உடன்பட மறுப்பதும் அரசியலே.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஊருக்கு வெளியே தள்ளி நம்மை மறைத்தது சாதி. அது திணிக்கப்பட்ட இருட்டு. ஹேமன்ஸ் இருப்பது தாமே தேர்ந்துகொண்ட இருட்டு. முன்னதை உடைக்க நாம் கண்ணில் பட்டே ஆக வேண்டும். எனவே அவர் வழியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எப்போது தோன்றுவது, எவ்வளவு காட்டுவது என்று முடிவு செய்யும் உரிமையை எடுத்துக்கொள்ளலாம்.

சந்தையிடமிருந்து அவரும் முழுதாகத் தப்பவில்லை. இன்று அவர் படைப்புகள் கோடிக்கணக்கில் விலைபோகின்றன. எனினும் நடைபாதையில் அவர் எழுப்பிய கேள்வி உருகவில்லை: வானிலிருந்து இலவசமாக விழும் பனிக்கு விலை உண்டென்றால், காலங்காலமாகக் கூலியின்றி வாங்கப்பட்ட உழைப்புக்கு என்ன விலை? அந்த விலையை யார் சொல்வது?