அரிய பெயர் எது? பிரெஞ்சு ஆண்குழந்தைப் பெயர்கள் பற்றி ஒரு மொழியியல் நோக்கு

பிரான்சில் குழந்தை பிறந்தால் ஐந்து நாள்களுக்குள் அதன் பிறப்பை நகராட்சி அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும். 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்திற்கு முன்பு இக்கெடு மூன்று நாளாகவே இருந்தது. பெயரையும் அப்பொழுதே சொல்லிவிட வேண்டும் என்பதால், பெற்றோர் பலர் கருவுற்ற காலத்திலேயே பட்டியல் போடத் தொடங்கிவிடுகின்றனர். ஆண்குழந்தையை எதிர்நோக்கும் ஒரு கணவனும் மனைவியும், தம் மகன் வகுப்பில் வேறெவனுக்கும் அவன் பெயர் இருத்தலாகாது என்று விரும்புவதாகக் கொள்வோம். அவர்கள் கையிலுள்ள பட்டியலில் எவாரிஸ்த், ஒக்தாவ், ஓபேன், தாங்கி என நான்கு பெயர்கள் எஞ்சியுள்ளன. நான்கும் பிரெஞ்சு மக்கள் கேட்டறிந்தவை. ஆயினும் மிகுதியாக வழங்காதவை. இவற்றுள் எதைத் தெரிந்தெடுப்பது? கேள்வி சிறியதுதான். விடை தேடினால் ஒலியியல், சொற்பிறப்பியல், எழுத்துமுறை, சட்டம், சமூகம் ஆகிய அனைத்தும் குறுக்கிடுகின்றன.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். பெற்றோர் தாம் விரும்பிய பெயரை வைப்பது பிரான்சில் பழைய உரிமையன்று. 1789ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் சில காலம் பெயர்கள் கட்டவிழ்ந்து கிடந்தன. புரூத்துஸ் முதலிய உரோம வீரர் பெயர்களும், குடியரசு நாள்காட்டியில் நாள்தோறும் குறிக்கப்பட்ட செடிகொடிகளின் பெயர்களும் குழந்தைகளுக்கு வந்தன. அதற்கு அணை போட்டது 1803ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இயற்றப்பட்ட சட்டம். நாள்காட்டிகளில் வழங்கும் பெயர்களையும் பண்டை வரலாற்றில் அறியப்பட்ட மாந்தரின் பெயர்களையும் மட்டுமே பதிவாளர் ஏற்கலாம் என்று அது விதித்தது. நாள்காட்டி என்றால் நடைமுறையில் கத்தோலிக்கப் புனிதர்களின் பெயர்வரிசை. இவ்விதி ஏறத்தாழ 190 ஆண்டுகள் நின்றது. 1966ஆம் ஆண்டில் அமைச்சகத்தின் அறிவுறுத்தல் ஒன்று வட்டாரப் பெயர்களுக்கும் புராணப் பெயர்களுக்கும் கதவைச் சற்றே திறந்தது. அதற்கு முன் பிரெத்தாஞ் பகுதியைச் சேர்ந்த ஒரு குடும்பம் தன் பிள்ளைகளுக்குத் தாய்மொழியான பிரெத்தோனில் பெயரிட்டதால், அவர்களுள் சிலர் பல ஆண்டுகள் முறையான குடிமைப் பதிவின்றியே வாழ நேர்ந்தது. பெயருக்காகப் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் இல்லாதவராய் ஆன கதை அது.

முழு விடுதலை 1993ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் சட்டத்தால்தான் கிட்டியது. இன்று பதிவாளர் எந்தப் பெயரையும் மறுக்க இயலாது, பதிந்தே ஆகவேண்டும். அப்பெயர் குழந்தையின் நலனுக்கு ஊறு விளைவிக்கும் என்று கருதினால் அரசு வழக்குரைஞருக்குத் தெரிவிக்கலாம். அவர் வழியாக நீதிபதி பெயரை நீக்கலாம். சித்திரக்கதைச் சிறுவன் தித்தேஃபின் பெயரை மகனுக்கு இட்ட பெற்றோரின் வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று 2012ஆம் ஆண்டில் அவர்களுக்கு எதிராக முடிந்தது. நம் நான்கு பெயர்களுக்கு அத்தகைய இடையூறு ஏதுமில்லை. அவற்றுக்கு உள்ள சிக்கல்கள் வேறு.

அரிய பெயர் எது என்பதையே எடுத்துக்கொள்வோம். பிரான்சின் தேசியப் புள்ளியியல் நிறுவனமான இன்சே, 1900ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் எப்பெயர் எத்தனை குழந்தைகளுக்கு இடப்பட்டது என்னும் கோப்பை வெளியிட்டு வருகிறது. மிகச் சிலருக்கே இடப்பட்டவற்றை அரிய பெயர்கள் என்னும் ஒரே தலைப்பில் சேர்த்துவிடுகிறது. அக்கோப்பைப் பார்ப்பவர் முதலில் வியப்பது, அருமை என்பது பெயரின் நிலையான பண்பன்று என்பதையே. ஜூல் என்னும் பெயர் 1900 அளவில் எங்கும் இருந்தது. நூற்றாண்டின் நடுவில் ஏறக்குறைய மறைந்தது. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் முன்வரிசைக்கு வந்தது. பிலிப் பெனார் என்னும் சமூகவியலாளரும் புள்ளியியலாளர் கீ தேப்பிளாங்கும் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், பெயர்களுக்கும் ஆடைகளைப் போலவே நவநாகரிகச் சுழற்சி உண்டு என்று எண்களைக் கொண்டு காட்டியது. தந்தையின் தலைமுறைப் பெயர் சலித்துப்போகிறது. பாட்டனின் பெயர் முதுமை வாடை வீசுகிறது. முப்பாட்டனின் பெயரோ புதுமையாய் ஒலிக்கிறது.

ஆகவே பழம்பெயரைத் தேடிச் செல்லும் பெற்றோர் தாம் தனிவழி செல்வதாக எண்ணுகின்றனர். அவ்வழியில் அதே ஆண்டில் பல்லாயிரவர் நடக்கின்றனர். ஒக்தாவ் இத்தகைய முப்பாட்டன் பெயர்களுள் ஒன்று. இன்று அரிதென்பதால் பத்தாண்டு கழித்தும் அரிதாக இருக்கும் என்று உறுதி கூற இயலாது. உண்மையிலேயே தனித்த பெயர் வேண்டுவோர் ஜெரார் என்று வைக்கலாம்! 1940களிலும் 1950களிலும் தெருவுக்குத் தெரு இருந்த அப்பெயரை இன்று தொட்டிலில் காண்பது மிக அரிது. ஆனால் அரிய பெயர் கேட்கும் எவரும் ஜெராரைக் கேட்பதில்லை. அவர்கள் நாடுவது எண்ணிக்கையால் வரும் அருமையை அன்று. கேட்பவர் மனத்தில் எழும் ஒரு பொலிவை.

எழுத்தை மாற்றி அருமை தேடுவோரும் உளர். மத்தேயோ என்னும் பெயரில் தகரத்தை இரட்டித்தும், ஒலியாத ஹகரத்தை இடையில் செருகியும், மேற்குறியைச் சேர்த்தும் நீக்கியும் பல வடிவங்கள் பதிவாகின்றன. கோப்பில் இவை தனித்தனிப் பெயர்கள், காதுக்கோ ஒன்றே. எண்கணிதம் பார்த்து ஆங்கில எழுத்தொன்றைக் கூடுதலாகச் சேர்க்கும் நம்மவர் வழக்கம் நினைவுக்கு வரலாம். பயன் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான்: அப்பிள்ளை வாழ்நாள் முழுவதும் தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

தமிழ்ப் பெற்றோர் பெயர் தேடுகையில் முதலில் கேட்பது பொருள். அன்பரசன், இளங்கோ என்றால் பொருள் வெளிப்படையாக நிற்கிறது. பிரெஞ்சுப் பெயர்களில் அது புதைந்து கிடக்கிறது. கிரேக்கம், இலத்தீன், செருமானிக் மொழிகள், எபிரேயம் ஆகியவற்றிலிருந்து வந்து தேய்ந்த சொற்கள் அவை. நம் இலக்கண நூலாரின் சொற்களில் கூறினால், காரணப்பெயராய்ப் பிறந்து இடுகுறிப்பெயராய் ஆனவை. எவாரிஸ்த் என்பது கிரேக்க மூலத்தில் மிகவும் உவப்பளிப்பவன் எனப் பொருள்படும். ஓபேன் இலத்தீன் வழி வந்தது. வெண்மை என்பது அதன் வேர். ஆறாம் நூற்றாண்டில் ஆன்ஜே நகரின் ஆயராயிருந்த புனிதரின் பெயர். தாங்கி என்பது தீ, நாய் என்னும் இரு பிரெத்தோன் சொற்களின் கூட்டு. போர்மறவனைத் தீப்போன்ற வேட்டைநாய் என்று புகழ்ந்த காலத்துப் பெயர். ஒக்தாவ் என்றால் எட்டாமவன். தலைமகனுக்கு எட்டாமவன் என்று பெயரிடும் பிரெஞ்சுத் தந்தை அதில் எந்த முரணையும் உணர்வதில்லை. பொருள் அவர் காதில் விழுவதே இல்லை. எனவே அகராதியில் பொருள் பார்த்து இந்நான்கையும் தரம் பிரிப்பது வீண் என்பது என் கருத்து.

காதில் விழுவது எதுவோ அதைப் பார்க்க வேண்டும். ஓபேன் என்று நாம் எழுதுவது ஒருவாறான ஒலிபெயர்ப்பே. ஈற்றில் இருப்பது னகர மெய்யன்று, மூக்கொலி பெற்ற உயிர். தமிழ் எழுத்தில் அதற்கு வடிவமில்லை. குளியலுக்கு என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரும் இம்மியும் வேறுபாடின்றி இவ்வாறே ஒலிக்கிறது. மாலையில் தாய் மகனைக் குளிக்க அழைத்தால் ஒரே ஒலி இருமுறை வரும். வீட்டில் அது இனிய வேடிக்கை. பள்ளித் திடலில் வேறு வகை. எவாரிஸ்த் என்னும் பெயரின் ஈறு, தொழில்களைக் குறிக்கும் சொற்களில் வரும் இஸ்த் என்னும் விகுதியோடு ஒத்திருக்கிறது. அதைச் சுருக்கி அழைத்தால் ஏவா என்னும் பெண்பெயர் வந்து நிற்கும். இப்பெயருடன் கல்வியறிந்த பிரெஞ்சுக்காரர் மனத்தில் எழுபவர் எவாரிஸ்த் கலுவா. இயற்கணிதத்தில் புதுவழி கண்டு, 1832ஆம் ஆண்டில் தனிப்போர் ஒன்றில் காயமுற்று இருபதாம் வயதில் மறைந்த மேதை. அந்நிழல் பெருமையானது; சற்றுக் கனமானதும்கூட.

பெயர் தனித்து நிற்பதில்லை, குடும்பப்பெயரோடு புணரும். இதை நாம் புணர்ச்சி என்று இலக்கணத்தில் விரிவாகக் கற்பவர்கள். பிரெஞ்சுப் பெற்றோர் பட்டறிவால் கற்கின்றனர். ஜான் என்னும் பெயரும் போன் என்னும் குடும்பப்பெயரும் சேர்ந்தால் பன்றித்தொடைக் கறியைக் குறிக்கும் சொல்லாகும். தெயோ என்பதைக் கூரான் என்னும் குடும்பப்பெயர் தொடர்ந்தால், உனக்குச் செய்தி தெரியும் என்னும் வாக்கியமாகிவிடும். சட்டமும் இதனை அறிந்தே வைத்திருக்கிறது: பெயர் தனித்தோ, பிற பெயர்களுடனும் குடும்பப்பெயருடனும் சேர்ந்தோ குழந்தைக்கு ஊறு செய்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதே அதன் வாசகம். நம் நால்வருள் ஒக்தாவ் மெய்யில் முடிவதால் அடுத்த சொல்லோடு எளிதில் ஒட்டும். குடும்பப்பெயர் உயிரில் தொடங்கினால் இரண்டையும் உரக்கச் சொல்லிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தாங்கியின் கதை தனி. தமிழ்க் காதுக்கு இது சுமைதாங்கியை நினைவூட்டும். அது நமக்கு மட்டும் உரிய தற்செயல். பிரெஞ்சு மக்களுக்கு நினைவுக்கு வருவது 2001ஆம் ஆண்டில் எத்தியேன் ஷத்திலியே இயக்கிய இதே பெயர்கொண்ட திரைப்படம். இருபத்தெட்டு வயதாகியும் பெற்றோர் வீட்டை விட்டுக் கிளம்பாத மகன் அதன் நாயகன். படம் வெளிவந்தபின் அப்பெயர் பொதுப்பெயராகிவிட்டது. வளர்ந்தும் வீட்டைப் பிரியாத பிள்ளைகளை இன்று நாளிதழ்கள் தாங்கிகள் என்றே எழுதுகின்றன. இயற்பெயர் பொதுப்பெயராவதை நாம் வகுப்பில் எடுத்துக்காட்டுடன் விளக்குகிறோம். அப்பெயரைத் தாங்கிய மனிதர்க்கு அது எவ்வாறிருக்கும் என்று எண்ணுவதில்லை.

பிரெத்தோன் பெயர்களைப் பேசும்போது எழுத்துக்குறி வழக்கு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2017ஆம் ஆண்டில் கேம்பேர் நகரில் ஓர் ஆண்குழந்தைக்கு ஃபான்ஷ் என்று பெயரிட்டனர். பிரான்சுவா என்பதன் பிரெத்தோன் குறுக்கம். அதிலுள்ள னகர எழுத்தின் மேல் ஓர் அலைக்குறி வரும். 2014ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஏற்ற குறிகளுள் அது இல்லை. கீழ்மன்றம் மறுத்தது, 2018ஆம் ஆண்டில் ரென் மேல்முறையீட்டு மன்றம் ஏற்றது. அந்த அலைக்குறி அழகுக்கு இட்டதன்று. பிரெத்தோன் எழுத்துமுறையில் முன்னுள்ள உயிர் மூக்கொலி பெறுவதைக் காட்டும் இலக்கணக் குறி அது. அதை நீக்குவது, நம் ணகரத்தையும் னகரத்தையும் ஒன்றாக்கி எழுதச் சொல்வதற்கு ஒப்பாகும்.

ஆசிரியர்கள் கவனிக்கத்தக்க செய்தி கெவின் என்னும் பெயரைப் பற்றியது. ஐரிய மொழியில் அழகிய பிறப்பு என்னும் பொருளுடைய இது 1990களின் தொடக்கத்தில் பிரான்சில் ஆண்குழந்தைப் பெயர்களின் முதலிடத்தைப் பிடித்தது. பின்னர் எளிய குடும்பங்களின் பெயர் என்று முத்திரை குத்தப்பட்டு ஏளனத்துக்கு உள்ளாயிற்று. பப்திஸ்த் கூல்மோன் என்னும் சமூகவியலாளர் பள்ளியிறுதித் தேர்வில் மிகச் சிறந்த தகுதி பெறுவோரின் பெயர்களைத் தொகுத்துக் காட்டி வருகிறார். சில பெயர்களுக்கு அவ்விகிதம் உயர்ந்தும் சிலவற்றுக்குத் தாழ்ந்தும் நிற்கிறது. பெயர் மதிப்பெண்ணைத் தருவதில்லை. பெயரிட்ட குடும்பத்தின் கல்வியும் வசதியும் இரண்டிலும் தென்படுகின்றன. ஆயினும் ஆண்டின் முதல் நாளில் வருகைப் பதிவேட்டைக் கையிலெடுக்கும் ஆசிரியர், பிள்ளையைக் காணும் முன்னரே பெயரைக் கண்டுவிடுகிறார். எவாரிஸ்த் என்றதும் நூலகம் நிறைந்த வீட்டையும், கெவின் என்றதும் வேறொன்றையும் அவர் மனம் வரைந்துகொள்ளக் கூடும். நம் வகுப்பறைகளில் இதற்கு இணையான பெயர்கள் எவை என்பதை இங்குள்ள ஆசிரியர்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள்.

பெற்றோர் தவறாகத் தெரிந்தெடுத்துவிட்டால் பிள்ளைக்கு வழியுண்டா? உண்டு. பிறப்புப் பதிவில் உள்ள எந்தப் பெயரையும் வழங்குபெயராகக் கொள்ளலாம் என்று குடிமைச் சட்டம் கூறுகிறது. நோபல் பரிசு பெற்ற அனத்தோல் ஃபிரான்சின் முதற்பெயர் வேறு. அனத்தோல் அவருடைய இரண்டாம் பெயர். தவிர, 2016ஆம் ஆண்டு முதல் தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் செல்லாமல் நகராட்சியிலேயே முதற்பெயரை மாற்றிக்கொள்ளவும் இயலும். ஆகவே அக்கணவனும் மனைவியும் என்னைக் கேட்டால், எழுதியவாறே ஒலிப்பதும், திடலில் கேலிக்கு எளிதில் இடம் தராததும், இசைச் சுரத்தின் நினைவை மட்டும் எழுப்புவதுமான ஒக்தாவை முதலிலும், எவாரிஸ்தை இரண்டாவதாகவும், வழக்கிலுள்ள எளிய பெயரொன்றை மூன்றாவதாகவும் பதியச் சொல்வேன். இடையில் இணைப்புக்கோடு இட வேண்டாம். இட்டால் இரண்டும் ஒரே கூட்டுப்பெயராகிவிடும், பிள்ளை பின்னர் ஒன்றை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ள இயலாது.